பச்சை முட்டையும் பச்சிளம் வயிறும்



பச்சை முட்டையைக் கொண்டு செய்யப்படும் மயோனைசைத் தயாரிப்பதற்கும், சேமித்து வைப்பதற்கும், விற்பதற்கும் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. அச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்த பின்னர், பூலாம்பாடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தாய்மார் பலர் என்னிடம் கேட்ட வினா ஒன்றே. "சாமி, இனிமேல் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கலாமா, கூடாதா?" மயோனைஸ் என்பது உண்ணும் பொருளா, உடுக்கும் பொருளா என்று அறியாத பாட்டிமாரும் இதே கவலையோடு கேட்டனர். ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: முட்டை தாராளமாகக் கொடுக்கலாம், வெந்த முட்டையாகக் கொடுங்கள். ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நல்ல புரதம் தருகின்ற பொருள் வேறு அரிது. அரசு தடுத்தது முட்டையை அன்று. வேகாத முட்டையைக் கொண்டு செய்து, வெயிலில் மணிக்கணக்காக வைத்திருந்து விற்கும் ஒரு பண்டத்தை. காரணம், சால்மொனெல்லா என்னும் கிருமி.

இக்கிருமியை 1885ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்னும் ஆய்வாளர் பன்றியின் உடலிலிருந்து பிரித்தெடுத்தார். ஆனால் பெயரோ அவருடைய மேலதிகாரியாகிய கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனுக்குப் போயிற்று. (உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன் என்பது அறிவியல் உலகிலும் உண்டு போலும்!) இக்குடும்பத்தில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நாம் டைபாய்டு என அஞ்சும் குடற்காய்ச்சலைத் தருவதும் இவற்றுள் ஒன்றே. அது மனிதனிடம் மட்டுமே வாழ்வது. மற்ற வகைகளுட் பல கோழி, ஆடு, மாடு, பன்றி, பல்லி ஆகியவற்றின் குடலில் வாழ்ந்து, மலத்தோடு வெளியேறி, நம் உணவை வந்தடைகின்றன. அவை உட்புகுந்தால் 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிவயிற்றில் முறுக்கு வலி, சிலருக்கு வாந்தி. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு 4 முதல் 7 நாட்களில் தானாகவே அடங்கும். கைக்குழந்தைக்கும், முதியோருக்கும், கருவுற்ற தாய்க்கும், புற்றுநோய்க்கு மருந்து உண்பவருக்கும் அப்படியன்று. கிருமி குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்துவிடக்கூடும்.

முட்டைக்குள் அது எவ்வாறு புகுகிறது? இரண்டு வழிகள் உள்ளன. ஓட்டின் மேல் ஒட்டிய எச்சத்திலிருந்து ஓட்டின் நுண்துளைகள் வழியாகவும் வெடிப்பு வழியாகவும் உள்ளே செல்வது ஒன்று. மற்றொன்று வியப்புக்குரியது. கோழியின் கருப்பையிலேயே கிருமி குடியிருந்து, ஓடு உருவாகும் முன்னரே முட்டையினுள் அடைபட்டுவிடுகிறது. அக்கோழி நோயுற்றதாகத் தோன்றுவதில்லை; தீனி தின்கிறது, கொக்கரிக்கிறது, முட்டையிடுகிறது. முட்டையும் வெண்மையாய், தூய்மையாய் இருக்கிறது. நம் வீடுகளில் முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. மிதந்தால் கெட்டது, அமிழ்ந்தால் நல்லது என்போம். அச்சோதனை முட்டையின் வயதைச் சொல்லுமேயன்றிக் கிருமியைக் காட்டாது. நேற்று இட்ட முட்டையிலும் அது இருக்கலாம். நாட்டுக்கோழி முட்டைக்கு இவ்வாபத்து இல்லை என்று எண்ணுவோரும் உளர். கொல்லைப்புறத்தில் மேயும் கோழியும் இக்கிருமியைச் சுமக்கும்; கோழிக்குஞ்சை எடுத்துக் கொஞ்சிவிட்டு அதே கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு முட்டையே வேண்டுவதில்லை.

எல்லா முட்டையிலும் கிருமி இருக்கிறது என்று அஞ்ச வேண்டா. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கணக்கிட்டபோது 20,000 முட்டைக்கு ஒன்று என மதிப்பிட்டனர். அப்படியானால் ஏன் இவ்வளவு கூச்சல் என்பீர்கள். ஒரு கடையில் நூறு முட்டைகளை ஒரே பாத்திரத்தில் உடைத்து, எண்ணெய் விட்டு அடித்து மயோனைஸ் ஆக்குகிறார்கள். நூற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் பாத்திரம் முழுவதும் கெட்டதே. அதனைச் சித்திரை வெயிலில் கடையின் முன் வைக்கின்றனர். இவ்வகைக் கிருமிகள் தக்க வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி 8 மணி நேரத்தில் எத்தனையாகும் என்று உங்கள் வீட்டுப் பள்ளி மாணவனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். நாற்றமோ நிறமாற்றமோ ஏற்படுவதில்லை என்பதுதான் இதில் பெரிய வஞ்சகம்.

இந்நோய் பணக்கார நாடுகளையும் விட்டு வைக்கவில்லை. 1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கரி, அந்நாட்டு முட்டை உற்பத்தியின் பெரும்பகுதியை இக்கிருமி பற்றியுள்ளது என வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது; பண்ணையாளர் கொதித்தெழுந்தனர்; இரு வாரங்களுக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. அவர் சொன்னது மிகையாக இருக்கலாம். ஆனால் ஆபத்து மெய்யாகவே இருந்தது. பின்னர் 1998 முதல் அந்நாட்டுப் பண்ணையாளர்கள் தங்கள் கோழிகளுக்கு இக்கிருமிக்கெதிரான தடுப்பூசி போடும் திட்டத்தை மேற்கொண்டனர். அதன் பயனாக 2017ஆம் ஆண்டில், சிங்க முத்திரையிட்ட முட்டைகளைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும்கூட அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தரக் கழகமே அறிவித்தது. பண்ணையில் முறையாக வேலை செய்தால் நோயைத் துரத்தலாம் என்பதற்கு இது சான்று. நம் நாட்டு முட்டைக்கு அத்தகைய உறுதியை இன்று எவரும் தரவில்லை. ஆதலால் நம் காவல் நம் அடுப்பிலேயே இருக்கிறது.

இனி, நம் வீட்டு வழக்கத்துக்கு வருவோம். பருவமெய்திய பெண்பிள்ளைக்கு விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன்மேல் நல்லெண்ணெயும் குடிக்கச் செய்யும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. இடுப்பு வலுப்பெறும் என்பது நம்பிக்கை. ஓட்டப்பந்தயத்துக்கும் கபடிக்கும் பயிற்சி பெறும் இளைஞர்கள் பாலில் பச்சை முட்டையைக் கலந்து குடிக்கிறார்கள். பிள்ளை வலுப்பெற வேண்டும் என்ற அன்பை நான் குறை கூற மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உடலில் சேர்கிறது. பச்சை முட்டையிலோ ஏறத்தாழ ஐம்பது பங்குதான் சேர்கிறது என்று ஆய்வாளர் அளந்து கண்டுள்ளனர். பாதிப் பயனை இழந்து முழு ஆபத்தையும் விலை கொடுத்து வாங்குவானேன்? அதே முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். நல்லெண்ணெயையும் உளுந்தங்களியையும் வழக்கம்போல் கொடுங்கள். பாட்டியின் மனமும் நோகாது, பேத்தியின் வயிறும் கெடாது.

முட்டையின் மஞ்சட்கரு கெட்டிப்படும் வரை, அதாவது உட்புறம் 71 டிகிரிச் செல்சியஸ் வெப்பத்தை எட்டும் வரை, வேக வேண்டும். கோழி இறைச்சிக்கு இது 74 டிகிரி. நம் வீடுகளில் வெப்பமானி இல்லை; எலும்பை ஒட்டிய பகுதியில் இளஞ்சிவப்பு நிறமின்றி, வடியும் சாறு தெளிவாக இருக்கும்வரை வேகவைப்பது அதற்கு ஓரளவு ஈடாகும். ஆஃப்பாயிலும் கலக்கியும் நாவுக்கு இனியவை என்பதை நான் மறுக்கவில்லை. வலுவுள்ள ஆடவன் தன் பொறுப்பில் உண்பது அவன் விருப்பம். அதனை ஐந்து வயதுக் குழந்தைக்கு ஊட்டுவதை நான் ஒப்பேன்.

கோழிக்கறியின் கதை இதைவிடத் துயரமானது. 2022 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி ஒருத்தி இறந்தாள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சால்மொனெல்லாவுக்கு உறவான ஷிகெல்லா என்னும் கிருமி நோயாளிகளிடம் காணப்பட்டது. அங்கிருந்து எடுத்த உணவு மாதிரியில் இரு கிருமிகளும் இருந்தன. அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பரில், நமக்குத் தொலைவில் இல்லாத நாமக்கல் நகரில் உணவகம் ஒன்றில் வாங்கிய ஷவர்மாவை உண்ட குடும்பத்தில் 14 வயதுப் பள்ளி மாணவி உயிரிழந்தாள். அக்கடையில் உண்ட 40க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுத்த பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வேறு எந்தக் குறையும் அவர்கள் செய்யவில்லை.

ஷவர்மா செய்யும் முறையிலேயே ஓர் இடர்ப்பாடு உள்ளது. இறைச்சித் துண்டுகளை நெடிய கம்பியில் அடுக்கிச் செங்குத்தாக நிறுத்தி, பக்கவாட்டில் நெருப்பு காட்டுவார்கள். வெளிப்புறம் வேகும், உட்புறம் பச்சையாகவே இருக்கும். வெந்ததை மட்டும் சீவி எடுப்பதுதான் முறை. மாலையில் கூட்டம் நெருக்கும்போது கத்தி ஆழமாகப் போகிறது. கூட்டம் குறைந்தால் எரிவாயுவைச் சேமிக்க நெருப்பை அணைக்கிறார்கள். அரைவெந்த இறைச்சி இளஞ்சூட்டிலேயே நிற்கிறது. 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பம் கிருமிக்குத் தொட்டில் போன்றது. இதன்மேல் மயோனைசையும் ஊற்றித் தருகிறார்கள். ஒவ்வொரு கடையும் இப்படி என்று சொல்வது அநீதி. ஆயினும் நெருப்பு அணைந்து நிற்கும் கம்பியிலிருந்து சீவித் தரும் கடையில் வாங்காதிருக்க உங்களுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை.

கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நம் அடுக்களையை மறந்துவிடலாகாது. ஞாயிறு காலை இறைச்சி வாங்கி வருகிறோம். அதனைக் குழாயடியில் வைத்து வேகமாகத் தண்ணீரைத் திறந்து கழுவுகிறோம். தெறிக்கும் நீர்த்துளிகள் அருகில் கவிழ்த்து வைத்த தட்டுகளிலும் குழந்தையின் டம்ளரிலும் விழுகின்றன. கோழியைக் கழுவாமலே சமைக்கலாம் என்று மேனாட்டு மருத்துவர் கூறுவர். மஞ்சளும் உப்பும் இட்டு அலசாத கறியை நம் பெண்கள் அடுப்பில் ஏற்றமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் இவ்வளவாவது செய்யுங்கள்: அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, தெறிக்காமல் மெல்ல அலசி, அந்நீரைப் பாத்திரம் துலக்கும் இடத்தில் கொட்டாமல் அப்புறப்படுத்துங்கள். பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

அதனினும் பெரிய தவறு அரிவாள்மனையில் நிகழ்கிறது. இறைச்சி நறுக்கிய அரிவாள்மனையைத் தண்ணீரில் ஒரு முறை காட்டிவிட்டு, அதிலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரியும் அரிகிறோம். கறி கொதித்துக் கிருமி மடிந்துவிடும், பச்சடி கொதிப்பதில்லை! பச்சையாக உண்பதை முதலில் நறுக்கி வைத்துவிட்டு இறைச்சியைப் பின்னர் நறுக்கினால் போதும். செலவில்லாத மருந்து இது.

வெங்காயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்ற நம் பெரம்பலூர் மாவட்டத்தார் இதனைக் கவனிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 1,100க்கும் மேற்பட்டோரும் கனடாவில் 500க்கும் மேற்பட்டோரும் சால்மொனெல்லா நோயுற்றனர். காரணமாகக் கண்டறியப்பட்டது கலிபோர்னியாவில் விளைந்த வெங்காயம்! பாசன நீரின் அசுத்தம் காரணமாக இருந்திருக்கலாம் என அந்நாட்டு அதிகாரிகள் கருதினர். காய்ந்த தோல் போர்த்த வெங்காயத்திலும் இது வரும் என்று அதுவரை பலர் எண்ணியதில்லை. வயலில் பச்சைக் கோழி எருவை இடுவோர் அதனை நன்கு மக்கச் செய்தே இட வேண்டும்; பட்டறை போட்டுள்ள இடத்தில் கோழியும் எலியும் திரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்பவர் தோலை உரித்தபின் நல்ல நீரில் கழுவிக் கடித்துக்கொள்ளலாம்.

பல்லி விழுந்த சோறு நஞ்சு என்று ஊரே அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லியின் உடலில் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டி சொன்ன காரணம் தவறு. கொட்டிவிடு என்ற அவள் கட்டளை சரி. பாத்திரத்தை மூடி வைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமிராது.

திருவிழாக் காலம் வருகிறது. புதுநன்மை விருந்துக்கும் தேர்த்திருவிழா விருந்துக்கும் நள்ளிரவிலேயே பிரியாணியைத் தம் போட்டு, அண்டாவை மூடி, மறுநாள் நண்பகலில் பரிமாறுவதைப் பல ஊர்களில் காண்கிறேன். பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அதில் சால்மொனெல்லா மட்டுமன்று, சோற்றிலும் இறைச்சியிலும் கொதிநீருக்கும் சாகாத விதைகளாய் ஒளிந்திருக்கும் வேறு சில கிருமிகளும் பெருகும். விருந்து நடத்துவோர் விடியற்காலையில் சமைக்க ஏற்பாடு செய்யுங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள், கோடை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், பரிமாறி முடிக்க வேண்டும். இல்லையேல் ஆவி பறக்கும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். மிஞ்சியதைப் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கென மாலையில் பொட்டலம் கட்டி எடுத்துப்போவது அன்பின் செயலே. அந்த முதியவரின் வயிறுதான் இதைத் தாங்கும் வலுவற்றது என்பதையும் எண்ணுங்கள். அவருக்கு முதற்பந்தியிலேயே சுடச்சுட அனுப்புங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கிருமி சாகும் என்று நம்ப வேண்டா, உறங்கும், அவ்வளவே.

சமைப்போரின் கை பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்ற மேரி மாலன் என்னும் சமையற்காரி, தான் ஒருநாளும் நோயுறாதவளாகவே இருந்தாள். ஆனால் அவள் உடலில் டைபாய்டு கிருமி குடியிருந்தது. 1906இல் ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் அவள் சமைத்த வீட்டில் 11 பேரில் 6 பேர் காய்ச்சலில் விழுந்தனர். கண்டுபிடித்து ஒரு தீவில் அடைத்தார்கள். சமைக்க மாட்டேன் என வாக்களித்ததால் 1910இல் விட்டார்கள். வேறு தொழிலில் வயிறு நிறையவில்லை போலும். பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமைத்தாள். 1915 முதல் 1938இல் இறக்கும் வரை அதே தீவில் கிடந்தாள். அவளைக் கொடியவள் என்று தூற்றுவோர் உண்டு. எனக்கு இரக்கமே மேலிடுகிறது. நோயற்றவராகத் தோன்றுபவரும் கிருமியைச் சுமப்பர் என்பதற்கு அவள் வாழ்வு சாட்சி. ஆதலால் திருவிழாச் சமையலுக்கு வருவோருக்குக் கழிப்பறைக்கு அருகே தண்ணீரும் சோப்பும் வைத்துக் கொடுப்பது பந்தல் அலங்காரத்தைவிட அவசியமானது. வயிற்றுப்போக்கு உள்ளவரை, எவ்வளவு கைதேர்ந்தவராயினும், கரண்டி பிடிக்க விடலாகாது.

இவ்வளவு காத்தும் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டால்? உடனே ஊசி போடச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள். சாதாரண சால்மொனெல்லா வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படுவதில்லை. மிகச் சிறு குழந்தை, முதியவர், உடல் எதிர்ப்பு வலு குன்றியவர் ஆகியோருக்கு மருத்துவரே முடிவு செய்வார். வயிற்றுப்போக்கைக் கட்டும் மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கிக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே. 1971இல் வங்கப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு இருபது முப்பது என மடிந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

இக்கரைசல் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். கிடைக்காவிடில் ஒரு லிட்டர் நீரில் சமமட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் இடுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்காதீர்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் ஊட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வயிற்றுப்போக்கென்றால் பட்டினி போடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. குழைந்த சோறும் மோரும் இட்டலியும் கொடுத்து வாருங்கள். குழந்தைகளுக்கு 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். போக்கு நின்றவுடன் அதனை நிறுத்திவிடாதீர்கள்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிடினும், எதையும் குடிக்க மறுத்து மயங்கிச் சாய்ந்தாலோ, கடுங்காய்ச்சல் நீடித்தாலோ, நள்ளிரவானாலும் 108க்கு அழைத்து மருத்துவமனை செல்லுங்கள். போகும்போது கடந்த மூன்று நாட்களில் என்ன உண்டார், எங்கே வாங்கியது, எத்தனை மணிக்கு உண்டார், உடன் உண்டவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் வினாக்கள் இவையே. அதே உணவை உண்டு, இன்னும் நோய் வெளிப்படாமல் வீட்டில் உறங்கிக் கொண்டிருக்கும் மற்றவர்களையும் அத்தாள் காட்டிக் கொடுக்கும்.